எண்ணெய், எரிவாயு ஆலைகளில் இன்டர்ன்ஷிப்: பொறியியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொங்கல் முடிந்த கையோடு எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "சார், மணலியில ஒரு மாசம் டிரெய்னிங் கிடைக்குமா?" கேட்பவர் தெரிந்தவரின் மகளாக இருப்பார், அல்லது முன்பின் பார்த்திராத மூன்றாமாண்டு மாணவராக இருப்பார். சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் ப்ராசஸ் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கோடை விடுமுறைக்கு வரும் மாணவர்களை யூனிட்டுக்குள் அழைத்துப் போகும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம்தான் வரும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்டர்ன்ஷிப், ஐ.பி.டி., அப்ரண்டிஸ்: மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. இதில் குழம்பித்தான் பலர் தவறான இடத்தில் விண்ணப்பிக்கிறார்கள்.

இன்-பிளான்ட் டிரெய்னிங் என்கிற ஐ.பி.டி., படிக்கும்போதே ஒன்று முதல் நான்கு வாரம் ஆலைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவது. இன்டர்ன்ஷிப்பும் படிக்கும்போது செய்வதுதான், ஆனால் நாள் கூடுதல். கையில் ஒரு வேலையோ ப்ராஜெக்டோ இருக்கும். பல பொதுத்துறை ஆலைகளில் இரண்டையும் சேர்த்து 'வொகேஷனல் டிரெய்னிங்' என்பார்கள். அதனால் இணையதளத்தில் 'இன்டர்ன்ஷிப்' என்று மட்டும் தேடி, எதுவும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அப்ரண்டிஸ் வேறு. அது 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், படிப்பை முடித்தவர்களுக்கானது. வழக்கமாக ஓராண்டு. தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

2024இல் வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பெயரில் இன்டர்ன்ஷிப் இருந்தாலும், முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர முடியாது என்றுதான் தொடங்கியபோது விதி இருந்தது.

தமிழ்நாட்டில் எங்கெல்லாம் வாய்ப்பு இருக்கிறது?

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வடசென்னையின் மணலி. அங்கே இருக்கும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவானது. 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கொள்ளளவோடு ஓடத் தொடங்கிய ஆலை இன்றைக்கு 105 லட்சம் டன். கெமிக்கல் மாணவர்கள் எல்லோரும் அங்கேதான் எழுதிப் போடுகிறார்கள், அதனால் இடம் கிடைப்பது கடினம். கிடைக்கவில்லை என்றால் அதே மணலி வட்டாரத்தில் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ், தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ், மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் இருக்கின்றன. எண்ணெயைச் சூடாக்கிப் பிரிக்கும் டிஸ்டிலேஷன் கோபுரமும், ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் அங்கேயும் அதே விதிப்படிதான் இயங்குகின்றன.

எண்ணூரில் 2019இல் தொடங்கிய எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் இருக்கிறது. மைனஸ் 162 டிகிரியில் கப்பலில் வரும் திரவத்தை மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். கொள்ளளவு ஆண்டுக்கு 50 லட்சம் டன். குறைந்த வெப்பநிலைப் பொறியியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

எண்ணெய்க் கிணறு பார்க்க வேண்டும் என்றால் காரைக்கால் பக்கம் போக வேண்டும். ஓ.என்.ஜி.சி.யின் காவிரி அசெட் அலுவலகம் நிரவியில் இருக்கிறது. டெல்டாவில் கிடைக்கும் எரிவாயுவை நம்பி ஓடும் குத்தாலம், கோவில்களப்பால் மின் நிலையங்களையும் மறந்துவிடாதீர்கள். இ.இ.இ., மெக்கானிக்கல் மாணவர்களுக்கு அங்கே கேஸ் டர்பைனைக் கிட்டத்தில் பார்க்க முடியும்.

மாணவர்கள் யோசிக்காத இடங்கள் இன்னும் உண்டு. இந்தியன் ஆயிலின் சென்னை–திருச்சி–மதுரைக் குழாய்ப் பாதையை ஒட்டிய ஆசனூர் போன்ற டெர்மினல்கள், சமையல் எரிவாயு பாட்டிலிங் ஆலைகள், காட்டுப்பள்ளியில் கடல்மேடைகளுக்கான பெரிய கட்டமைப்புகளைச் செய்யும் எல் அண்ட் டி யார்டு. அப்புறம் சென்னையிலேயே இருக்கும் டிசைன் அலுவலகங்கள்: எஞ்சினியர்ஸ் இந்தியா, டெக்னிப் எனர்ஜீஸ், மெக்டெர்மாட், சைபெம். உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் எழும்பப்போகும் ஆலைக்கான பைப்பிங் வரைபடம் இங்கே உட்கார்ந்து போடப்படுகிறது. சிவில் மாணவர்கள் ஆலையைவிட இங்கே அதிகம் கற்றுக்கொள்வார்கள் என்பது என் கருத்து.

பெட்ரோலியம் எஞ்சினியரிங் படித்தால்தான் எடுப்பார்களா?

பெட்ரோலியம் எஞ்சினியர்களின் வேலை பெரும்பாலும் நிலத்தடியிலும் கிணற்றிலும்தான். ஆலைக்குள் கெமிக்கல், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆட்கள்தான் நிறைய. இ.சி.இ. மாணவர்கள் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவைக் கேளுங்கள். கணினி மாணவர்களுக்கு இடம் குறைவு; ஆனால் ஆலையின் பழைய டேட்டாவை அலசத் தெரிந்த ஒருவர் வந்தால் எந்தப் பிரிவும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும்.

சிபாரிசு இல்லாமல் கிடைக்குமா?

கிடைக்கும். சிபாரிசே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வருகிற கடிதங்களில் பாதி, படிக்கும்போதே ஒதுக்கிவைக்கும்படி இருக்கின்றன என்பதையும் பார்த்திருக்கிறேன். துறைத் தலைவர் கையெழுத்து இருக்காது. தேதி இருக்காது. 'ஏதாவது ஒரு பிரிவில் பயிற்சி தருமாறு' என்று ஒரே கடிதத்தை நாற்பது நிறுவனத்துக்கும் அனுப்பியிருப்பார்கள்.

கல்லூரியின் போனஃபைட் கடிதம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பிரிவு, எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று இரண்டு வரி. இவ்வளவு போதும். மே, ஜூனில் போக வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே ஹெச்.ஆர். அல்லது டிரெய்னிங் பிரிவுக்கு எழுதிவிடுங்கள். டிசம்பர் விடுமுறையில் போட்டி குறைவு. பத்துப் பேர் கும்பலாகக் கேட்பதைவிட இரண்டு மூன்று பேராகக் கேட்டால் இடம் கிடைப்பது எளிது, ஏனென்றால் யூனிட்டுக்குள் ஒரு பொறியாளரால் அத்தனை பேரைத்தான் பத்திரமாகக் கூட்டிப்போக முடியும்.

உங்கள் கல்லூரி சீனியர்கள் யாராவது ஷிப்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். கடிதம் எந்த மேசைக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பணம் தருவார்களா?

ஐ.பி.டி.க்கு பெரும்பாலும் தர மாட்டார்கள். கேன்டீன் சாப்பாடு சில இடத்தில் கிடைக்கும், தங்குமிடம் உங்கள் பொறுப்பு. டிசைன் அலுவலகங்களும் பெரிய தனியார் நிறுவனங்களும் நீண்ட இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்டைபண்ட் தருவதுண்டு. அப்ரண்டிஸுக்குச் சட்டப்படியே உண்டு: 2019ஆம் ஆண்டு விதித் திருத்தம் பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தது. அறிவிப்பில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு ஏஜெண்ட் 15,000 ரூபாய் கேட்கிறார். ஆஃபர் லெட்டரும் அனுப்பியிருக்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். எண்ணெய் நிறுவனங்களின் லோகோவைப் போட்டுப் போலிக் கடிதம் தயாரிப்பது நடந்துகொண்டேதான் இருக்கிறது. ரிக் (எண்ணெய்க் கிணறு தோண்டும் இயந்திர மேடை) வேலை, வளைகுடா இன்டர்ன்ஷிப், மெடிக்கல் கட்டணம், விசா டெபாசிட் என்று பெயர் மட்டும் மாறும். சில பொதுத்துறை ஆலைகள் பயிற்சிக்கு ஒரு சிறு கட்டணம் வாங்குவது உண்மைதான். அது நிறுவனத்தின் சொந்த அறிவிப்பில் இருக்கும், நிறுவனத்தின் கணக்குக்கே போகும், ரசீது வரும். தனி ஆளின் ஜி-பே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைக் கூப்பிட வேண்டாம். நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, கேட்டுக்கு வந்து நின்ற ஒரு பையனையும் அவன் அப்பாவையும் நான் பார்த்தேன். செக்யூரிட்டி அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் என்ன நடக்கும்?

காலை எட்டு மணிக்கு முன்பே கேட்டில் இருங்கள். ஆதார், கல்லூரி அடையாள அட்டை, போட்டோ, இன்ஷூரன்ஸ் கேட்டிருந்தால் அதன் நகல். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கூடாது. உள்ளே போகும் லாரியின் புகைக்குழாயில் ஒரு கம்பிவலைக் கூடு மாட்டியிருப்பதைப் பாருங்கள். தீப்பொறியை வெளியே விடாமல் தடுப்பது அதுதான். பருத்திச் சட்டை, பேன்ட், சேஃப்டி ஷூ. நைலான், பாலியெஸ்டர் வேண்டாம்: தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஷூவை ஒரு வாரம் முன்பே வாங்கிப் போட்டு நடந்து பழகிவிடுங்கள். புது ஷூவோடு வந்து இரண்டாம் நாளே குதிகால் கொப்புளத்தால் லைப்ரரியில் உட்கார்ந்த மாணவர்கள் நிறையப் பேர்.

முதல் நாள் முழுக்கப் பாதுகாப்பு வகுப்பு என்கிறார்கள். அவ்வளவு நேரம் எதற்கு?

ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் வொர்க் பர்மிட். ஆலைக்குள் யாரும் நினைத்த மாத்திரத்தில் ஸ்பேனரை எடுத்து ஒரு போல்ட்டைத் தளர்த்த முடியாது. எந்தக் கருவி, என்ன வேலை, எந்த வால்வுகள் மூடிப் பூட்டப்பட்டிருக்கின்றன, வாயு சோதனையில் என்ன வந்தது, எத்தனை மணி வரை செல்லும் என்று எழுதி, யூனிட் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். வெல்டிங் மாதிரி தீப்பொறி வரும் வேலைக்கு ஹாட் பர்மிட், மற்றதற்குக் கோல்ட் பர்மிட்.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் சேஃப்டி வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். திறந்த வாயை ஒரு மூடித் தகடு போட்டு வைத்துவிட்டு, வேலை முடியாமலே பகல் ஷிப்ட் கிளம்பியது. வால்வு இல்லை என்ற விவரம் இரவு ஷிப்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் அடுத்த பம்ப் நின்றுபோனதும், இது தயாராக இருப்பதாக நினைத்து ஓட்டினார்கள். தகட்டின் வழியே கண்டன்சேட் என்ற எளிதில் தீப்பற்றும் திரவம் கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். ஷிப்ட் மாறும்போது ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமல் போனதன் விலை அது.

நம் நாட்டிலும் 2009 அக்டோபர் 29இல் ஜெய்ப்பூர் டெப்போவில் பெட்ரோல் கசிந்து ஆவி மேகமாகப் பரவி வெடித்தது, டாங்குகள் பல நாள் எரிந்தன. அதனால்தான் அந்த வகுப்பு. கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு நாளாவது ஓரமாக நின்று பாருங்கள். போகிறவரும் வருகிறவரும் லாக் புக்கை நடுவில் வைத்துக்கொண்டு பேசும் அந்தப் பத்து நிமிடத்தில் யாரையும் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு. அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாசனை போய்விட்டது, இனிப் பயமில்லை' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விண்ட் சாக்கைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்கே நகர்ந்து, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய்விட வேண்டும்.

என்ன ப்ராஜெக்ட் கேட்பது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, இதைத்தான் மிகக் குறைவாகக் கேட்கிறார்கள்.

என் சொந்தப் பயிற்சியை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கும். மூன்று வாரம் ஒரு ஆலையின் லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். ஆபரேட்டிங் மேனுவலை நோட்டில் எழுதிக்கொண்டேன். சான்றிதழும் வந்தது. வேலைக்கான நேர்காணலில் ஒருவர், "டீசால்ட்டர் வேலை செய்யலைன்னா மேலே கோபுரத்துல என்ன ஆகும்?" என்று கேட்டார். டீசால்ட்டர்தான் கச்சா எண்ணெயின் உப்பை நீக்கும் கருவி. உப்பு நீங்காமல் போனால் சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகி, கோபுரத்தின் உச்சியில் நீராவி குளிர்ந்து நீராகும் இடத்தில் குழாயை அரிக்கும். நான் எழுதிய நோட்டிலேயே அது இருந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் என்னிடம் வந்தவர்களுக்கு மேனுவலைக் கொடுத்ததே இல்லை, ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்தேன்.

உதாரணத்துக்கு ஒன்று. கச்சா எண்ணெய் ஃபர்னஸுக்குள் போகும் முன் வரிசையாகப் பல ஹீட் எக்ஸ்சேஞ்சர்களில் சூடேறும். குழாயில் அழுக்குப் படியப் படிய அந்தச் சூடு குறையும், ஃபர்னஸ் கூடுதலாக எரிக்கும். மணிக்கு 400 டன் ஓடுகிறது என்று வையுங்கள். கச்சா எண்ணெயின் வெப்பக் கொள்திறன் ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 0.6 கிலோகலோரி. ஒரு டிகிரி குறைந்தால் மணிக்கு 2,40,000 கிலோகலோரி நஷ்டம். ஃபர்னஸின் திறன் 90 சதவீதம், எரிபொருளில் கிலோவுக்கு 10,000 கிலோகலோரி என்றால், மணிக்குக் கிட்டத்தட்ட 27 கிலோ எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பத்து டிகிரி குறைந்தால் நாளைக்கு ஆறு டன்னுக்கு மேல். எந்த எக்ஸ்சேஞ்சரை எப்போது நிறுத்திச் சுத்தம் செய்வது என்ற கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது. இரண்டாமாண்டுப் பாடத்தில் வரும், சராசரி வெப்பநிலை வித்தியாசத்தைக் கணக்கிடும் எல்.எம்.டி.டி. சூத்திரமும் நான்கு வெப்பநிலைகளும் போதும், ஒரு மாணவி மூன்று வாரத்தில் இதைச் செய்து முடித்துவிடலாம்.

மெக்கானிக்கல் மாணவர்கள் பம்ப் சீல் ஏன் அடிக்கடி போகிறது என்று பாருங்கள். பராமரிப்புக்காக யூனிட்டை நிறுத்தும் ஷட்டவுன் மாதத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கோபுரத்தைத் திறந்து உள்ளே தட்டுகளைக் காட்டுவது அப்போது மட்டும்தான். இன்ஸ்ட்ருமென்டேஷன் என்றால் ஒரே ஒரு கண்ட்ரோல் வால்வை எடுத்துக்கொள்ளுங்கள்: சிக்னல் கண்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்பி வால்வு நகரும் வரை. எலக்ட்ரிக்கல் மாணவர்கள், உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத மோட்டார் உறைகள் ஏன் அவ்வளவு கனமாக இருக்கின்றன என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

என்ன ப்ராஜெக்ட் ஆனாலும் முதல் வாரத்தில் இதைச் செய்யுங்கள்: குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அண்ட் ஐ.டி. வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஒரே ஒரு குழாயை அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஆபரேட்டர் துணையோடு நடந்து பின்தொடருங்கள். லைன் டிரேசிங் என்பார்கள். காகிதத்தில் ஒரு கோடாக இருப்பது தலைக்கு மேலே ஏறி, ரோட்டைக் கடந்து, இன்சுலேஷனுக்குள் மறைந்து, ஒரு டிரெயின் வால்வோடு கீழே இறங்கும். அந்த வால்வு அங்கே ஏன் வைக்கப்பட்டது என்று கேட்டீர்கள் என்றால் உங்கள் இன்டர்ன்ஷிப் ஆரம்பித்துவிட்டது.

ஆபரேட்டர்களிடம் எப்படிப் பேசுவது? எனக்கு ஆங்கிலமும் சரளமாக வராது.

ஃபீல்டில் தமிழ்தான் ஓடுகிறது. "அண்ணா, இந்த பம்ப் சத்தம் நேத்து இப்படி இல்லையே?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு போய், பேரிங் உறையில் கம்பியை வைத்துக் காதோடு ஒட்டிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார் இருபத்தைந்து வருஷ ஆபரேட்டர். ஐ.டி.ஐ. படித்தவர்தானே என்று யாரையும் குறைத்து நினைக்காதீர்கள். அவருக்கு யூனிட்டின் ஒவ்வொரு சத்தமும் தெரியும். எதையும் அவர் சொல்லாமல் தொடாதீர்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், அதற்கு எளிய வாக்கியங்கள் போதும்.

பெண்கள் போகலாமா?

தாராளமாக. ஷிப்ட் பொறியாளர்களாகப் பெண்கள் வேலை செய்கிறார்கள். யூனிட்டுக்குப் பக்கத்தில் கழிப்பறை எங்கே, திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே டிரெய்னிங் பிரிவில் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து ஒரு மாணவி மே மாத வெயிலில் மயங்கி விழுந்தாள்.

கடலில் ரிக்குக்குப் போக முடியுமா?

மாணவர்களுக்கு அரிது. மும்பை ஹை, மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஹெலிகாப்டரில்தான் பெரும்பாலும் போவார்கள். அதற்கு முன், ஹெலிகாப்டர் தண்ணீரில் கவிழ்ந்தால் தப்பிக்கும் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நிலத்தில் இருக்கும் ரிக்கைப் பார்க்கக் காரைக்காலிலோ ராஜமுந்திரியிலோ முயற்சி செய்யுங்கள்.

இலங்கையில் படிக்கிறேன். எனக்கு இது எப்படி?

உங்களுக்கு இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் பட்டப்படிப்பிலேயே ஒரு பகுதி, நைட்டா என்ற தேசிய அமைப்பு வழியாக இடம் ஒதுக்குகிறார்கள். நாட்டில் இருக்கும் ஒரே சுத்திகரிப்பு ஆலை சபுகஸ்கந்த. அதுவும் மணலி மாதிரியே 1969இல் தொடங்கியது. இடம் குறைவு என்பதால் பல்கலைக்கழகத்தின் பயிற்சிப் பிரிவில் முன்கூட்டியே விருப்பத்தைச் சொல்லிவையுங்கள்.

இன்டர்ன்ஷிப் செய்தால் அங்கேயே வேலை கிடைக்குமா?

பொதுத்துறையில் அப்படி இல்லை. பொறியாளர் வேலைக்குப் பெரும்பாலும் கேட் (GATE) தேர்வு மதிப்பெண், அல்லது நிறுவனத்தின் தேர்வு, அப்புறம் நேர்காணல். சான்றிதழுக்கு அங்கே தனி மதிப்பெண் கிடையாது. ஆனால் நேர்காணலில் யூனிட்டைப் பற்றிக் கேட்கும்போது, நடந்து பார்த்தவர் சொல்லும் பதில் வேறாக இருக்கும். டிசைன் அலுவலகங்களும் தனியார் நிறுவனங்களும் நன்றாகச் செய்த இன்டர்னை நேராகவே கூப்பிடுவதுண்டு.

எங்கள் ஊர் டெல்டா. இந்தத் துறையில் சேர்வது சரியா என்று வீட்டில் சண்டை.

நியாயமான சண்டை. எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் அங்கே தடைசெய்யப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்ததையும், மீனவர்கள் கையால் அதை அள்ளியதையும் எல்லோரும் பார்த்தோம்.

நான் இந்தத் துறையில் சம்பாதித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். அந்தப் படங்களைப் பார்த்தபோது இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. என் பதில் இதுதான்: கழிவுநீர் எங்கே போகிறது, மழைநீர் வாய்க்காலில் எண்ணெய் சேர்ந்தால் யார் பார்ப்பார்கள், கசிவை எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியும் என்று கேட்கத் தெரிந்த பொறியாளர்கள் ஆலைக்குள் வேண்டும். கதிராமங்கலத்தின் மண்ணைத் தெரிந்த பிள்ளை அந்தக் கேள்வியை விட்டுவிடாது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஃப்ளுயன்ட் டிரீட்மென்ட் பிளான்ட்டில் இன்டர்ன்ஷிப் கேளுங்கள். யாரும் கேட்காத இடம், உடனே கொடுப்பார்கள்.

கடைசி நாளில் என்ன செய்ய வேண்டும்?

சீனியரின் ரிப்போர்ட்டில் பெயரை மாற்றிக் கொடுக்காதீர்கள். வழிகாட்டிய பொறியாளருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆலையின் வரைபடத்தையும் எண்களையும் அனுமதி இல்லாமல் வெளியே எடுத்துப் போகவோ லிங்க்ட்இன்னில் போடவோ கூடாது. உங்கள் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, பொறியாளரிடமும் கூட நடந்த ஆபரேட்டரிடமும் காட்டுங்கள். அவர்கள் பேனாவால் திருத்தினால் அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டையும் கேட் பாஸையும் ஒப்படைத்த பிறகு, சான்றிதழில் பெயரும் பதிவு எண்ணும் தேதிகளும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஊருக்குப் போன பிறகு திருத்தி வாங்குவது பெரும்பாடு.